சேகரை வீட்டுக்குக் கூட்டி வருவது

செப். 16, புதன்

விடியற்காலை தூறல். மாடியில் காயப்போட்ட மிளகாயை அள்ளுவதற்குள் பாதி நனைந்துவிட்டது. அள்ளிய கையோடு கண்ணைத் துடைத்துத் தொலைத்தேன். ரொம்ப நேரம் அழுகை. காரணத்தோடு அழுது எத்தனை நாளாயிற்று.

நாளையிலிருந்து சாலை மறியல். இட ஒதுக்கீடு கேட்டு. ஒரு வாரம் பஸ் ஓடாது என்று பேச்சு. அவர் எங்கள் இரும்புக் கடைக்குப் போய்ப் பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார். வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், துவரம்பருப்பு, தீப்பெட்டி, மாமிக்கு வெற்றிலை. மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. வெற்றிலை கிடைத்தது. மாமியார் இருக்கும் வீட்டில் எது முக்கியமோ அது கிடைத்தது.

சாயந்திரம் டிவி. என்ன போட்டார்கள் என்று எழுத உட்கார்ந்தால் நினைவு வரவில்லை. ஏதோ பூச்சி மருந்து, எப்படித் தெளிப்பது என்று. எங்களுக்கு ஒரு சாண் வயல் கிடையாது. ஆனாலும் எழுந்திருக்காமல் பார்த்தேன். முடிந்து எழுந்தால் முட்டி பிடித்துக்கொண்டது. வேலை செய்து வந்த வலி என்றால் சரி. உட்கார்ந்து வந்த வலியை யாரிடம் சொல்வது?

அஞ்சலை அக்கா இன்று டிவிக்கு வரவில்லை. பால் மட்டும் ஊற்றிவிட்டுப் போனாள். பின் தெரு, இரண்டு எருமை, மலைக்குப் போகும் க.பாளையம் சாலையில் கொஞ்சம் கரும்பு. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு அவளும் மகன் ஏழுமலையும்தான். ப்ளஸ் டூ முடித்துவிட்டு வேலைவாய்ப்பு ஆபீசில் பதிந்துவிட்டு உட்கார்ந்திருக்கிறான்.

இந்த டைரி சிமெண்டுக் கம்பெனிக்காரர்கள் அவருக்குக் கொடுத்தது. சும்மா கிடந்தது. மகளை ஆம்பூரில் கட்டிக் கொடுத்த பிறகு நான் எடுத்துக்கொண்டேன். எழுதினால் நாள் கொஞ்சம் நிற்கிறது. இல்லையென்றால் ஓடியே போய்விடுகிறது.

செப். 17, வியாழன்

நல்ல வெயில். கடைத்தெரு முழுக்க அடைப்பு. மறியல் என்றால் ஒரே கூச்சலாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். சத்தமே இல்லை. ஹாரன் கேட்காமல் காது அடைத்த மாதிரி இருக்கிறது. சாலையில் வெட்டிய மரம் கம்பி மேல் விழுந்து கரண்டும் போயிற்று. யார் வந்து எடுப்பது?

அவருக்கு வீட்டில் இருக்கத் தெரியாது. "டீ இருக்குதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நானும் போட்டுக்கொண்டே இருந்தேன்.

வியாழன் எங்கள் வீட்டில் புக் நாள். மத்தியான பஸ்ஸில் வாரப் பத்திரிகைக் கட்டு வரும். மக்ரிப் தொழுததும் தொடர்கதையை நான் சத்தமாகப் படிக்க வேண்டும். மாமிக்கும் படிக்கத் தெரியாது, அஞ்சலை அக்காவுக்கும் தெரியாது. போன வாரம் கதையில் சேகர் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போனான். 'தொடரும்' போட்டுவிட்டார்கள். எங்கே போனான் என்று இந்த வாரம் தெரியும் என்றிருந்தோம். பஸ் இல்லை, கட்டு இல்லை.

மாமி விடவில்லை. "இன்னாடி, புக்கு வரலன்னா கத வராதா? அந்தப் புள்ள எங்கதான் போச்சு?" சாப்பிடும்போது, வெற்றிலை போடும்போது, தொழுகை விரிப்பை மடிக்கும்போது. அஞ்சலை அக்காவும் வந்து உட்கார்ந்துவிட்டாள். முகம் சரியில்லை. நான் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை.

அலுப்பு. ஒரு நாள் தொல்லை விடட்டும் என்று போன வாரப் புக்கையே எடுத்து, அரிக்கேன் விளக்குப் பக்கத்தில் பிரித்து, புதுசு போலப் படிக்க ஆரம்பித்தேன். முதல் வரி அச்சில் இருந்தது. இரண்டாவது வரி இல்லை. அது என் வாயில் இருந்து வந்தது.

'சேகர் விழுப்புரம் ரோட்டில் நடந்தான். ரோட்டின் குறுக்கே புளியமரம் வெட்டிப் போட்டிருந்தார்கள்.' அங்கிருந்து தானாகப் போயிற்று. மரத்துக்கு அந்தப் பக்கம் கூட்டம், இந்தப் பக்கம் ஜீப். சேகர் நடுவில். விசில் ஊதுகிறார்கள், எல்லோரும் ஓடுகிறார்கள், சேகர் கரும்புக் கொல்லைக்குள் புகுந்துவிடுகிறான். சோகை இலை முகத்தைக் கிழிக்கிறது. பின்னால் பூட்ஸ் சத்தம். 'ஐயோ அம்மா' என்று ஒரு குரல். தொடரும்.

"எப்பவும் இந்த எடத்துலதான் நிறுத்துவானுங்க, பாழாப் போறவனுங்க" என்று மாமி திட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. என்னை அல்லவா திட்டுகிறார்! இத்தனை வருஷம் படித்தவளுக்கு இந்தத் திட்டு கிடைத்ததில்லை.

அஞ்சலை அக்கா எழுந்தாள். வாசற்படியில் நின்று திரும்பினாள். "ஏழுமல நேத்து காலையில போனான் பாயம்மா. விழுப்புரம் பக்கம், மறியலுக்கு. பசங்களோட. இன்னும் வர்ல."

போய்விட்டாள்.

எனக்குச் சோறு இறங்கவில்லை.

செப். 18, வெள்ளி

மேகம். மழை இல்லை. புழுக்கம்.

பால் ஊற்ற வந்தபோது அஞ்சலை அக்காவின் கண் வீங்கியிருந்தது. இரவெல்லாம் தூங்கவில்லையாம். "கதன்னு தெரியும் பாயம்மா. ஆனா புக்குல போட்டுட்டாங்களே. ஊர் ஒலகத்துக்கெல்லாம் தெரிஞ்சிப் போச்சின்னா நடந்துதான இருக்கும்னு தோணுது. அந்த 'ஐயோ அம்மா' யாருதுங்க?"

சொல்லிவிட்டேன். மறைக்க முடியவில்லை. "அக்கா, புக்கே வரல. நான்தான் வாய்க்கு வந்தத சொன்னேன். ஏழுமல போனது எனக்குத் தெரியாதுக்கா."

ஆழாக்கில் பால் தளும்பிக் கீழே வழிந்தது.

"அப்ப நீ இட்டுக்கட்னதா?"

"ஆமாக்கா."

"நீதான அவன கரும்புக்குள்ள தொரத்தின? அப்ப நீயே வூட்டுக்குக் கூட்டினு வா."

என்னை 'நீ' என்று சொன்னது இதுதான் முதல் தடவை.

உள்ளே மாமிக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. திட்டப் போகிறார் என்று நினைத்தேன். சிரித்தார். "எனக்கு அப்பவே தெரியும்டி. அட்டையில அதே பொம்பள, அதே ஊதா ரவிக்க. எனக்கு எழுத்துதான் தெரியாது, ரவிக்க தெரியாதா?" பிறகு ஏன் சும்மா இருந்தீர்கள் என்றேன். "நல்லா இருந்துச்சி, கேட்டுக்கினு இருந்தேன்" என்றார். இருபத்திரண்டு வருஷத்தில் மாமி வாயிலிருந்து நல்லா இருந்துச்சி. நான் செய்த எந்தக் கறிக்கும் வராதது.

சந்தோஷப்படத் தெம்பில்லை. கிண்டலுக்கு ஒரு பாம்பை எடுத்து வெளியே விட்ட மாதிரி இருக்கிறது. படிப்பவளுக்கு என்ன கவலை? கதையில் யார் செத்தாலும் புக்கை மூடிவிட்டு அடுப்பைப் பார்க்கலாம். இப்போது சேகர் கரும்புக்குள் படுத்துக் கிடக்கிறான். என்னைத் தவிர அவனுக்கு நாதி இல்லை.

செப். 19, சனி

குளிர்ந்த காற்று. மலைப் பக்கம் மழை போலிருக்கிறது.

மண்ணெண்ணெய் எதிர்வீட்டில் ஒரு பாட்டில் கடன். துணி துவைத்தது. இடுப்பு வலி. இட்லிக்கு ஆட்டுக்கல்லில் கையால் ஆட்டியது, கிரைண்டர் ஓடாததால்.

மக்ரிபுக்குப் பிறகு ஆரம்பம். இன்று புக் கையில் இல்லை. கை வெறுமையாக இருக்கிறதே என்று கூச்சம். முந்தானையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். 'ஐயோ அம்மா' என்று கத்தியது சேகர் இல்லை. கால் இடறி விழுந்த போலீஸ்காரர். அஞ்சலை அக்காவுக்கு லேசாகச் சிரிப்பு. சேகர் விடிந்ததும் கரும்பிலிருந்து வெளியே வந்தான். ரோடு வேண்டாம் என்று வரப்பு வரப்பாக வீட்டைப் பார்த்து நடந்தான்.

"எந்த ஊடு?" என்றாள் அஞ்சலை அக்கா. கதையில் அவன் வீடு மெட்ராஸ். நான் யோசிக்காமல் எங்கள் ஊரையே சொல்லிவிட்டேன், "கள்ளக்குறிச்சி."

"கால்ல செருப்பு இருக்குதா?"

"ஓடும்போது வுட்டுட்டான் அக்கா."

"ஐய. இந்த வெயில்ல! காலையில புல்லு மேல நடக்கச் சொல்லு. மத்தியானத்துல எங்கனா நெழல்ல குந்தச் சொல்லு."

அப்படியே செய்தான்.

செப். 20, ஞாயிறு

கரண்ட் இல்லை, எனவே ஞாயிற்றுக்கிழமைப் படம் இல்லை. போன மாதம் பார்த்த படங்களை நினைத்துப் பார்த்தேன். ஒன்றில் வெள்ளைக் கார். ஒன்றில் மழையில் ஓடுகிறார்கள். வேறு ஒன்றும் இல்லை. அத்தனை ஞாயிறும் எங்கே போயிற்று?

சேகர் இன்று பெண்ணையாற்றங்கரை ஓரமாக வந்தான். திருக்கோவிலூர் தாண்டியாயிற்று. நான் அவனைத் தென்னந்தோப்பில் படுக்க வைக்கலாம் என்றிருந்தேன். அஞ்சலை அக்கா விடவில்லை. "மணலூர்பேட்டையில என் நாத்தனா வூடு இருக்குது. அங்க போவட்டும். கேவுரு கூழு, கருவாடு. வவுறு ரொம்பக் குடுப்பா. ஆனா வாய் ஜாஸ்தி, ஒங்கப்பன் எங்க ஆத்தா எங்கன்னு கேப்பா. பதில் சொல்லாத சாப்பிடச் சொல்லு."

கூழை அவளே ஊற்றினாள். நாத்தனார் மாதிரி குரலை இழுத்துப் பேசிக் காட்டினாள். மாமி புரையேறிச் சிரித்தார். இன்று பாதிக் கதை என்னுடையது இல்லை.

அவர் கதவோரம் நாற்காலியில் தூங்குகிற மாதிரி கண்ணை மூடியிருந்தார். சேகர் அடுத்து தியாகதுருகம் என்றதும், கண்ணைத் திறக்காமலே, "அந்தப் பக்கம் கொறுக்க மரம் கெடக்குது. ரோட்டுல வர முடியாது. ஏரிக்கர மேல வரச் சொல்லு" என்றார். சரக்கு எடுக்கப் போன வழியெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

படுக்கும்போது எலும்பெல்லாம் வலி. ஆனால் டிவி பார்த்துவிட்டுப் படுக்கும் வலி இல்லை இது. எப்படி வேறு என்று சொல்லத் தெரியவில்லை. அலுப்பு அலுப்புதான். தூக்கம் மட்டும் உடனே வந்தது.

செப். 21, திங்கள்

தலைவலி. வெயில். தைலம் தீர்ந்துவிட்டது.

கதை வரவில்லை. உட்கார்ந்தால் வாய் காய்ந்துபோயிற்று. சேகர் நாத்தனார் வீட்டிலேயே படுத்துத் தூங்கினான் என்று முடித்துவிட்டேன். அஞ்சலை அக்கா கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன்.

"தூங்கட்டும். கால் வீங்கிக் கெடக்கும், பாவம்" என்றாள்.

செப். 22, செவ்வாய்

காலையில் ஒரே வதந்தி. அங்கே பிடித்தார்களாம், இங்கே அடித்தார்களாம், வேனில் ஏற்றிக் கடலூர் கொண்டுபோனார்களாம். சொல்கிறவர் யாரும் கண்ணால் பார்க்கவில்லை. எல்லோருக்கும் மச்சான் ஒருவர் பார்த்திருக்கிறார்.

அவர் அஞ்சலை அக்காவைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய் விசாரித்தார். பிடித்து வைத்தவர்களில் ஏழுமலை பெயர் இல்லையாம். நல்லதா கெட்டதா தெரியவில்லை. திரும்பி வந்து அஞ்சலை அக்கா எங்கள் முற்றத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். மாமி தன் வெற்றிலைப் பெட்டியை அவள் பக்கம் தள்ளினார். அந்தப் பெட்டியை நான் தொட்டால்கூடப் பிடிக்காது அவருக்கு.

"இன்னாத்துக்குங்க போனான் அவன்? வேல குடுங்கன்னு கேக்கத்தான போனான்" என்றாள். மாமி, "கேக்காத யாரு குடுக்கறாங்க? கேக்கட்டும். கேட்டுட்டு வூட்டுக்கு வரட்டும்" என்றார்.

சாயந்திரம் சேகர் தியாகதுருகம் வந்து சேர்ந்தான். ஏரிக்கரை வழியாகத்தான். பஸ் ஸ்டாண்டில் பஸ் இல்லை. காலியான டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தான். அங்கிருந்து கள்ளக்குறிச்சி ஒரு காலை நடை. ராத்திரி எழுந்தால்கூட விடியற்காலையில் வந்துவிடலாம்.

அஞ்சலை அக்கா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். "வந்துடுவானா?"

நிறுத்திவிட்டேன். மீதி நாளைக்கு என்றேன். என்னால் முடியவில்லை. நான் சேகரை வீட்டுக்குள் கூட்டிவந்து, நிஜத்தில் அவன் வராமல் போனால்? அந்த வாசலில் அவள் எந்த முகத்தோடு உட்காருவாள்? கொண்டுவராமல் விட்டால் அது இன்னொரு பாவம். ஒரு வாக்கியம்தான். 'கதவைத் தட்டினான்.' சொல்ல நாக்கு எழவில்லை.

யா அல்லாஹ், இது எனக்குத் தேவையா? பேசாமல் பூச்சி மருந்தே பார்த்துக்கொண்டு இருந்திருக்கலாம்.

செப். 23, புதன்

மத்தியானம் கரண்ட் வந்தது. ஃபேன் சுற்றியதும் மாமி கைதட்டினார். மாவு அரைத்தேன், தண்ணீர் ஏற்றினேன், இஸ்திரி போட்டேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்து முதுகு கழன்றுவிட்டது.

சாயந்திரம் அவர் டிவியைப் போட்டார். ஆன்டெனா திரும்பியிருந்தது, மாடி ஏறி, "தெரிதா? தெரிதா?" என்று கத்தித் திருப்பினார். தெரிந்தது. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லப்போனால் நிம்மதி. யாரோ பேசுகிறார்கள், யாரோ ஆடுகிறார்கள், எனக்குப் பொறுப்பில்லை.

கதை நேரத்துக்கு அஞ்சலை அக்கா வந்தாள். டிவி வெளிச்சத்தைப் பார்த்தாள். உட்காரவில்லை. கொஞ்ச நேரம் நிலைப்படியில் கையை வைத்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனாள். நான் டிவியையே பார்த்தேன். அவளைப் பார்க்காமல் இருப்பதற்காகப் பார்த்தேன்.

வெட்கமாக இருக்கிறது.

செப். 24, வியாழன்

மரத்தை எல்லாம் ஓரம் தள்ளுகிறார்கள். இரண்டொரு பஸ். பத்திரிகைக் கட்டு வந்துவிட்டது. அவர் புக்கை வாங்கி வந்து என் மடியில் போட்டார். "இந்தா, ஒன் சேகர் வந்துட்டான்."

வரவில்லை. முழுதும் படித்தேன். சேகர் பெயர்கூட இல்லை. அவன் தங்கை வத்சலா கல்யாணப் புடவை எடுக்கிறாள். மூன்று பக்கமும் புடவை. கரை, முந்தி, விலை. தொடரும்.

மாமிக்குப் படித்துக் காட்டினேன். பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார். "கூடப் பொறந்த புள்ள ரோட்டுல நிக்குது, இவளுக்கு பொடவ கேக்குதா? எழுதறவனுக்கு புள்ள குட்டி இல்லியா?"

அஞ்சலை அக்கா வரவில்லை. பாலும் பக்கத்து வீட்டுப் பெண் கொண்டுவந்து ஊற்றினாள். போய்ப் பார்க்கலாம் என்று பின் தெருவரை போனேன். கதவு சாத்தியிருந்தது. தட்டாமல் திரும்பிவிட்டேன்.

செப். 25, வெள்ளி

ராத்திரி பெய்து காலையில் தெளிவு. மலை பக்கத்தில் வந்து நிற்கிற மாதிரி தெரிந்தது.

ஏழுமலை வந்துவிட்டான்.

பல் விளக்கிக்கொண்டிருந்தேன். பின் தெருவில் ஒரு சத்தம். அழுகை என்று நினைத்து வாயில் பல்பொடியோடு ஓடினேன். அஞ்சலை அக்கா அவனை முதுகில் அடித்துக்கொண்டிருந்தாள். அடித்துக்கொண்டே, "சாப்டியா? சாப்டியா?" என்று கேட்கிறாள். தாடி. யாருடையதோ கைலி. காலில் முள் குத்தி, துணி சுற்றியிருந்தது. செருப்பு இல்லை.

விழுப்புரம் போகவே இல்லையாம். பாதி வழியிலேயே கூட்டம் கலைந்து ஓடியிருக்கிறது. பயத்தில் இரண்டு பேரோடு குறுக்கு வழியில் திரும்பி, வீட்டுக்கு வந்தால் பிடித்துவிடுவார்கள் என்று ஊரைச் சுற்றி, க.பாளையம் தாண்டி மலை ஏறிவிட்டான். வெள்ளிமலையில் தெரிந்த வீடு. இத்தனை நாளும் அங்கே சாமை அறுத்துக் கொடுத்துவிட்டு இருந்திருக்கிறான். நேற்று ராத்திரி ஜீப்பில் க.பாளையம் இறங்கி நடந்து வந்தானாம்.

நாங்கள் நான்கு பேரும் அவனைக் கிழக்கே ஆற்றங்கரையில் தேடித் தேடிக் கூட்டிவந்துகொண்டிருந்தோம். அவன் மேற்கே மலையிலிருந்து இறங்கி வந்துவிட்டான். மணலூர்பேட்டைக் கூழ் எல்லாம் வீண். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பல்பொடி தொண்டையில் இறங்கிவிட்டது.

அல்ஹம்துலில்லாஹ். மத்தியானம் நெய்ச்சோறு. அவனுக்கு ஒரு தூக்கு நிறையக் கொடுத்தனுப்பினேன்.

அதோடு விட்டது என்று நினைத்தேன். சாயந்திரம் வெள்ளிக்கிழமைப் பாட்டு. அவர் சத்தமாக வைத்திருந்தார். மாமி தூங்கி விழுகிறார். நான் காலை நீட்டி உட்கார்ந்தேன். உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை.

அஞ்சலை அக்கா வந்தாள். தலை குளித்து, பூ வைத்திருந்தாள். முறத்தில் ஏழுமலை கொண்டுவந்த சாமை. என் பக்கத்தில் வைத்துவிட்டு அவள் எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தாள்.

"ஏழுமல?"

"தூங்கறான்." டிவியைப் பார்த்தாள். "அத கொஞ்சம் கம்மி பண்ணு."

"ஏங்க்கா, நல்ல பாட்டுதான்."

"அந்தப் புள்ள தியாகதுருகத்துலயே குந்திக்கினு இருக்குது பாயம்மா. செவ்வாக்கெழமையில இருந்து. பச்சத் தண்ணி குடிச்சிதோ இன்னாவோ."

"ஒங்க புள்ளதான் வந்துட்டானேக்கா. இனிமே எதுக்கு?"

"எம்புள்ள வந்துட்டான்" என்றாள். "அவனுக்கும் ஒருத்தி இருப்பா இல்ல, வாசலப் பாத்துக்கினு. எழுந்திரிக்கச் சொல்லு அவன."

அவர் எழுந்துபோய் டிவியை அணைத்தார். மாமி கண்ணைத் திறந்தார். மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, சாமையை அளைந்துகொண்டே டீக்கடை பெஞ்சிலிருந்து ஆரம்பித்தேன்.